பாகப்பிரிவினை

ஸ்டேங்கரில் சனிக்கிழமை. கரும்பங்காடு எரிகிறது.
பெனால்டி பெட்டிக்குள் கருஞ்சாம்பல் இறங்குகிறது;
அதற்கு ஆஃப்சைடு இல்லை.

பந்து அந்தப் பக்கம் இருக்கும்வரை
கோலிக்கு யோசிப்பதுதான் வேலை.

ஒரு காலத்தில் ஒரே ஆட்டமாம்.
சீமையில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சட்டம்:
ஒன்றில் தூக்கிக்கொண்டு ஓடலாம், ஒன்றில் கூடாது.
எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா என்பதில்
பேச்சு முற்றி
பாகம் பிரித்துக்கொண்டார்கள்.
கை இவனுக்கு. கால் அவனுக்கு.

பாத்திரம் பண்டம் பிரிக்கிற அவசரத்தில்
ஏதோ மாறிப் போயிருக்கிறது.
வேலிக்கு அந்தண்டை, வெள்ளைக்காரப் பள்ளியில்,
முட்டைப் பந்தை மண்ணில் குத்தவைத்து
ஒருத்தன் உதைக்கிறான்: எங்கள் வீட்டுக் கால்.
இங்கே பதினோரு பேரில்
எனக்கு மட்டும் கை.

"தயாளா!" பூபாலன் அலறினான்.
பாய்ந்து பிடித்தேன். நெஞ்சோடு அணைத்ததும்
என்னவோ, விடத் தோன்றவில்லை.
பெட்டியைத் தாண்டி ஓடினேன்,
ஏழடி, எட்டடி, இன்னும் கொஞ்சம்.

விசில்.

வேலிக் கம்பியில் தொத்திக்கொண்டிருந்த வெள்ளைப் பையன் மட்டும்
ஓடு ஓடு என்று கத்திக்கொண்டிருந்தான்.

ஃப்ரீ கிக்கில் கோல். தோற்றோம்.
பூபாலன் புதன்கிழமை வரை பேசவில்லை.