துருசுத் திறப்பு

எங்கட ஈச்சமுறிப்பு விற்பனைக்கு இருக்கிறதாம்.
இரண்டாயிரத்து எண்ணூறு டொலர்.
நிரஞ்சலாவின் அரிசி ஆலைக்கு
இணையத்தில் பெயர் பதியவென்று
மல்லாவிச் சந்திக் கடையில் குந்தியிருந்தபோது
திரை சொன்னது.

வாங்கி வைத்திருப்பவன் யாரோ.
எங்கள் குளத்து முதலையைக் கண்டிருக்க மாட்டான்.
பன்னிரண்டு ஆங்கில எழுத்தை அடித்துக்
காசு கட்டியிருக்கிறான், எங்களுக்கு முன்னம்.
அவ்வளவுதான் அவன் உறுதி.

வன்னியில் மூன்று ஈச்சமுறிப்பு.
மாங்குளம் தாண்டி ஒன்று, நெடுங்கேணிப் பக்கம் ஒன்று,
பிறகு நாங்கள்.
ஒரு கலியாணக் கடிதமும் வழி தவறியதில்லை.
பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் கேட்பான்,
"எந்த ஈச்சமுறிப்பு?"
இயந்திரம் அப்படிக் கேட்காது.

"ஆர் அவங்களிட்ட அந்தக் கொப்பியைக் குடுத்தது?"
நிரஞ்சலாவின் கையில் இன்னும் உமி.
"ஆளாளுக்கு ஒரு கொப்பி வைச்சா என்ன?"

ஆளாளுக்கு வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.
அத்தானின் அரை ஏக்கருக்கு மூன்று பத்திரம்.
மூன்றிலும் முத்திரை, மூன்றிலும் திகதி,
மூன்று குடும்பம், ஒரு கிணறு.
பதினொரு வருசமாய்த் தவணைக்குத் தவணை
மூன்று பேரும் ஒரே பஸ்ஸில்தான்
வவுனியாவுக்குப் போகிறார்கள்.

ஒற்றைக் கொப்பியையும் பார்த்தேன்.
மீளக்குடியேறப் போன நாள்
மேசையில் இருந்த பட்டியலில் எங்கள் ஊர் இல்லை.
"அப்பிடி ஒரு இடம் இல்லையே"
என்றார் கிளாக்கர்,
எங்களைப் பார்த்துக்கொண்டே.

குளத்துக்கு ஒரு துருசு.
அதன் திறப்பு சபாநாதர் வீட்டு வளையில் தொங்குகிறது.
கடைக்கோடி வயலுக்குத் தண்ணி வராவிட்டால்
இரவு பத்து மணிக்கும் அவர் படலையில் நின்று கத்தலாம்.
போன சிறுபோகம் கத்தினேன்.
சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்தார்,
என்னைத் திட்டினார், திறந்தார்.
திறப்பு ஒருவரிடம் இருப்பதில் எனக்குக் குறையில்லை.

இந்தப் பெயர்களின் திறப்பு
எந்த வளையில்?
எங்கே அந்தப் படலை?

கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டினோம்.
ஈச்சமுறிப்பூ என்று வாசிக்க வருகிறது.
பரவாயில்லை, அதுவும் வருசக் குத்தகைதான்.

"அடுத்த வருசம் கட்டாட்டி?"
"ஆரும் எடுக்கலாம்."
"அப்ப பூவும் போயிடும்" என்று
ரசீதை மடித்தாள்.

போன் அடித்தது. ஆலையிலிருந்து.
கரண்ட் நின்றுவிட்டதாம்,
நெல் பாதியில் நிற்கிறதாம்,
ஆரிட்டச் சொல்லுறது என்று கேட்கிறார்கள்.