தையல் வெளிப்பக்கம்

டிசம்பரில் புந்தா அரேனாஸ் தெருமுனைகளில்
கயிறு கட்டிவிடுவார்கள்,
காற்று ஆளைத் தூக்கிப் போகாமலிருக்க.
எல்லோரும் இரண்டு கையாலும் பிடித்து நடக்கிறார்கள்.
நான் வலக்கையால் மட்டும்.
இடக்கைக்கு வேறு வேலை:
சட்டையை விலாவிலிருந்து
இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்திருப்பது.

நுரையீரலில் பட்டாணி அளவு ஏதோ இருந்தது.
எடுத்தார்கள். கெட்டதில்லை என்றார்கள்.
நோல்பெர்த்தோ ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று
முழு ஆடு ஒன்றுக்கு போனில் சொல்லிவைத்தான்.
சுட்டோம், தின்றோம், அழுதோம்.
பதினேழு தையல்,
பதினேழும் சமர்த்தாக மூடிக்கொண்டன.

மூன்றாம் மாதம்
போர்வை சுட்டது.

போர்வைதான்.
துவைத்துத் துவைத்து நூலாய்ப் போன பருத்தி.
முதுகிலிருந்து மார்புக்கு அடியில் வரை
ஒரு கோடு.
அதில் ஊசியால் குத்திப் பார்த்தார்கள், எனக்குத் தெரியவில்லை.
பஞ்சால் வருடினார்கள்,
அடுத்த அறையிலிருந்து நர்ஸ் ஓடிவந்தாள்.

"படம் சுத்தமாக இருக்கிறது" என்றார் டாக்டர் ஒயார்சூன்,
நான் வீடு பெருக்கி வைத்ததைப்
பாராட்டுகிற மாதிரி.
சுள்ளென்றா, சுரீரென்றா, விண்விண்ணென்றா?
எல்லாம்தான், டாக்டர்.
நடுவில் ஒன்று, அதற்கு ஒலி இல்லை.
ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவே ஓர் எண் சொல்லுங்கள் என்றார்.
இருபத்திரண்டு வருஷமாக எண் சொல்வதுதான் என் பிழைப்பு.
பொர்வெனீருக்கு ஆள் ஒன்றுக்கு இவ்வளவு,
காருக்கு இவ்வளவு, குதிரை வண்டிக்கு இவ்வளவு.
இதற்கு என்ன கட்டணம் என்று
எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை.
"ஏழு" என்றேன்,
அவர் பேனா காத்திருந்ததால்.

மாத்திரையை மூன்றாக்கினார்கள்.
வலி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது,
போகும்போது சொற்களையும் கூட்டிப்போனது.
கவுண்டரில் ஒருநாள்
'நங்கூரம்' என்ற சொல்லுக்காக வாயைத் திறந்து நின்றேன்.
வரிசையில் நின்ற ஆட்டுரோமம் வெட்டுபவன்
எடுத்துக் கொடுத்தான்.
நாத்தனார் சொன்னாள், எல்லாம் மனசு.
இருக்கலாம். என் மனசுக்கு
ஐந்தாவது விலாவுக்கும் ஆறாவதுக்கும் நடுவில்தான்
குடியிருக்கத் தோன்றியிருக்கிறது.

உள்தையல் உரசுகிறதென்று
சட்டையை உள்ளது வெளியாகப் போட ஆரம்பித்தேன்.
யெர்கோ பக்கத்துக் கவுண்டரிலிருந்து மெல்லச் சொன்னான்,
"எலியானா, திருப்பிப் போட்டிருக்கிறாய்."
தெரியும் என்றேன்.
அதற்கப்புறம் அவன் சொல்லவில்லை.
பயணிகள்தான் சொல்கிறார்கள், தினம் இரண்டு மூன்று பேர்,
ஏதோ புதையலைக் கண்டுபிடித்த முகத்தோடு.

இரவில் கட்டிலின் நடுவே
சுருட்டிய கம்பளி ஒன்று படுத்திருக்கிறது.
அவன்தான் வைத்தான்,
தூக்கத்தில் தன் கை தெரியாமல் வந்துவிடுமென்று.
முப்பது வருஷம் தெரியாமல் வந்த கை.
கம்பளிக்கு அந்தப்பக்கம்
அது இப்போது எங்கே கிடக்கிறதென்று
நான் எழுந்து பார்ப்பதில்லை.

ஒரு காலை காப்பி ஊற்றும்போது
அவன் சட்டைக் கழுத்தில் லேபிள் வெளியே தெரிந்தது.
தோள் ஓரமெல்லாம் நூல் முனைகள்.
தூக்கக் கலக்கமா, வேண்டுமென்றா?
கேட்கவில்லை. கேட்டால்
இரண்டில் ஒன்றாகிவிடும்.

ஜூலையில் காற்று நின்றது.
ஜலசந்தி தகரம் போலக் கிடந்தது,
பனி நேராக, அவசரமில்லாமல் இறங்கியது.
படகு புறப்பட்டதும் வெளியே வந்து
கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினேன்.
இத்தனை நாளும் காற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.
அண்டை வீட்டுக்காரியை ஏசுவதுபோல, பெயர் சொல்லி.

ஒரு இலை அசையவில்லை.
கோடு எரிந்தது.

சரி, நீதானா என்றேன்.
பனி கொஞ்சம் அதன்மேல் விழுந்தது,
அதுவும் சுட்டது.
உள்ளே தொலைபேசி அடித்தது;
நாளைய படகில் இடமிருக்கிறதா என்று யாரோ.
இருக்கிறது என்றேன். எத்தனை பேர்?