ஏழு நிமிடத்துக்குச் செய்த பெட்டி

இந்த யூபிஎஸ்ஸைச் செய்தவன்
ஏழு நிமிடம் என்றுதான் கணக்கு வைத்தான்.
கறண்ட் போனால் கத்தும்:
சேமி, மூடு, எழும்பு.
எட்டாவது நிமிடம் ஒருவருக்கும் தேவைப்படாத
ஏதோ ஒரு ஊரிலிருந்து வந்திருக்க வேண்டும்.

டைக் வீதியில் என் கடை.
போட்டோகொப்பி, கச்சேரி விண்ணப்பம்,
அதிகமாய் மரண அறிவித்தல்.
பாதியில் அணைந்துபோன திரையில்
எத்தனை பேரை
இரண்டு தடவை சாகவைத்திருக்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து ஜிப்ரி
ஓட்டோவின் பின்சீற்றில் இரண்டு பற்றரி கொண்டுவந்தான்.
ஒவ்வொன்றும் முப்பது கிலோ.
பெட்டியைத் திறந்தால்
பழையவை வயிறு ஊதி
இழுக்க இழுக்க வரமாட்டேன் என்றன.
பக்கத்தில் துளை போட்டு
விரல் மொத்தத்தில் வயரை வெளியே எடுத்தான்.
இதன் சிவப்பு அதன் கறுப்புக்கு,
நடுவில் ஒரு பியூஸ்.
கடைசி முனையைத் தொட்டபோது
டக் என்று ஒரு பொறி.
நான் மேசைக்குப் பின்னால் போய்விட்டேன்,
அவன் சிரித்தான்.

"வயிறுதான் பெரிசு அக்கா,
வாய் பழைய வாய்தான்.
நிரம்ப ரெண்டு நாள் செல்லும்."
செத்த கொம்பியூட்டர் ஒன்றின் விசிறியைக் கழற்றி
பெட்டியின் முதுகில் திருகினான்:
"ஏழு நிமிசம் ஓடுறவன நாலு மணித்தியாலம் ஓட்டப் போறீங்க,
வேர்க்கும்."

மூன்றாம் நாள் பின்னேரம்
தாமோதரம்பிள்ளையின் மூத்த மகன் வந்தார்.
அன்னார், என்று தொடங்கினோம்.
பாசமிகு புதல்வர்கள் என்ற இடத்தில்
தன் பெயரை மட்டும் சொன்னார்.
புதல்வர் என்று திருத்தினேன்.

கறண்ட் போனது.
தெரு முழுக்க இருட்டு,
கோட்டைப் பக்கம் மட்டும் வெளிச்சம்.
பெட்டி கத்தியது. பழக்கத்தில் அவர் எழும்பினார்.
"இருங்கோ, நேரமிருக்கு."

நேரம் இருந்ததுதான் வில்லங்கம்.
கதிரையில் அமர்ந்து
திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
வாசலில் ஒரு மான்
நான் கசக்கி எறிந்த தாள்களை
ஒவ்வொன்றாய் மென்றது.
விசிறி சுற்றியது.
நாற்பது நிமிடம் இருக்கும்.

"குலேந்திரன்."
கடைசியில் சேர்த்தேன்.
"இல்லை, முதலில் போடுங்கோ...
இல்லை. வயசுப்படி. ரெண்டாவது."
புதல்வர் மறுபடி
புதல்வர்கள் ஆனார்.
பக்கத்தில் அடைப்புக்குறி திறந்து
"எந்த நாடு?" என்றேன்.

பதினோரு வருசத்துக்கு முந்தி
சுவிஸ் என்று கேள்வியாம்.
பிறகு அதுவும் இல்லையாம்.

பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன்,
காய்ச்சல்காரன் நெற்றி.
இன்னும் மூன்று மணித்தியாலம் தாங்கும் என்றது கணக்கு.
ஆனால் பிரின்டரைத் தாங்காது;
அச்செடுக்கக் கறண்ட் வந்தாக வேண்டும்.

"உங்கட வயரில ஒருக்கா குத்தலாமா?"
போனை நீட்டினார்.
இரண்டு வீதம் சார்ஜ்.
குத்தினேன்.
யாரையோ எடுத்து
யாரிடமோ நம்பர் கேட்கிறார்,
அந்த நம்பரில் இன்னொரு நம்பர்.

அடைப்புக்குறிக்குள்
கோடு மட்டும் மினுங்குகிறது.