மூன்று கயிறு

சத்தமில்லாமல் வந்தது.
அதனால்தான் நிமிர்ந்தேன்.
கையில் சிப்பிக் கயிறு, மழை விட்ட நேரம்;
லெமுய் தீவுக்கு மேலே
சுற்றாமல் நின்றுபோன இரண்டு விசிறிகள்.

அலைக்குக் குறுக்கே இறங்கியிருந்தால்
அப்பளமாய் நொறுங்கியிருக்கும்.
அவள் அலையின் போக்கிலேயே வந்தாள்,
மூக்கைச் சற்றே தூக்கி
வாலை முதலில் நனைத்து,
என் மிதவைகளின் இரு வரிசைக்கு நடுவே.
காற்றடிக்கும் நாளில்
படகைத் திருப்ப நானே தயங்கும் இடம் அது.

பிறகு தண்ணீர் எழுந்து
எல்லாவற்றையும் மூடியது.

வடிந்தபோது கதவு திறந்திருந்தது.
ஒருவர் கேக் பெட்டியைத்
தலைக்கு மேல் பிடித்தபடி நீந்தி வந்தார்.
திட்டிக்கொண்டே இழுத்துப் போட்டேன்.
என் படகில் பதினொரு பேர்,
ஒசோரியோவின் படகில் ஏழு.

கடைசியாக ஏறியவள் அவள்,
விமானி, எலியானா ஓயர்சூன்.
என் கம்பளிச் சட்டைக்குள் பல் கிடுகிடுக்க
இரண்டு படகையும் விரல்விட்டு எண்ணினாள்,
மறுபடியும் எண்ணினாள்.
தேநீர்க் குவளையை அவளால் பிடிக்க முடியவில்லை;
நான்தான் வாயருகே பிடித்தேன்.

ஒரு மிடறு குடித்துவிட்டு,
அறுந்து மிதந்தவற்றைப் பார்த்தாள்.
"எத்தனை கயிறு போச்சு, ரோசமேல்?"

"மூன்று" என்றேன்.

ஒன்பது.
வங்கிக்காரனிடம் மட்டும்
உண்மையைச் சொன்னேன்.