மெரபாங்க் பள்ளிப் பொருளாளருக்கு

திருமதி நாயக்கர்,
நீங்கள் கேட்டது இரண்டே வரி:
"அந்த இலவச மென்பொருள் வேலை செய்கிறதா?
ஒளிக்காமல் சொல்லுங்கள்."

ஒளிக்கவில்லை.
தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்.
நான் கணக்கு எழுதுகிறவள்,
பார்த்தேன்.
பல் நன்றாகவே இருந்தது.
மாட்டுக்கு நோய் வந்தால்
யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன்.
கூட்டத்தில் எல்லோரும்
சமோசாத் தட்டைப் பார்த்தார்கள்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது.
ஆறு வருடம் முன்னால் ஒரு நல்ல பையன்
ஒரே வார இறுதியில்
இருபத்திரண்டு கணினிக்கும் போட்டுக் கொடுத்தான்.
காசு வாங்கவில்லை, தேநீர்கூடக் குடிக்கவில்லை.
மார்ச்சில் கேப்டவுனில் வேலை கிடைத்துப் போனான்.
கடவுச்சொல்லும் அவனோடு போயிற்று.
ஏப்ரலில் கணினிகளுக்கு
மேசைவிரிப்புப் போர்த்தினோம்,
துக்க வீட்டுக் கண்ணாடிகள்போல்.

பிறகு பழையபடி உரிமக் கட்டணம்.
ஒவ்வொரு ஜனவரியும்
பள்ளி திறக்கும் முன்பே பில் வந்துவிடும்.
பிரியாணி டிக்கெட் விற்றுப் பள்ளி நடத்துகிற
ஊர்கள் நம்முடையவை, உங்களுக்குத் தெரியாததா.
முந்நூறு பொட்டலம்,
விடிய விடிய வெங்காயம் உரித்த பன்னிரண்டு தாய்மார்,
அத்தனை கண்ணீரும்
கடல் தாண்டிப் போகும்.
ரசீது மட்டும் திரும்பி வரும்.

அதிலும் தமிழ் வகுப்பில் ஒரு சங்கடம்.
பிள்ளை "கொக்கு" என்று தட்டினால்
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்.
கொக்கு பறந்துவிட்டது,
முட்டைதான் மிச்சம்.
புகார் அனுப்பினோம்.
பதிலுக்கு ஓர் எண் வந்தது.
மூன்று வருடமாய் அந்த எண்ணைப்
பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சஷ்னி படையாச்சி, எங்கள் கணினி ஆசிரியை,
மறுபடி எழுந்தாள்.
இம்முறை ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தாள்:
சானொகுஹ்லே ம்தெத்வா,
உம்லாசியில் மூன்று பேரோடு கடை.
"மென்பொருளுக்கு ஒரு சென்ட் வேண்டாம்.
நான் வருவதற்கு வேண்டும்," என்றாள்.
அந்த வாக்கியம் எனக்குப் பிடித்தது.
விலை சொன்ன பொருளைத்தானே
பேரேட்டில் ஏற்ற முடியும்.

அரைப் பக்க ஒப்பந்தம்.
கூப்பிட்டால் மறுநாள் நண்பகலுக்குள் ஆள்.
கடவுச்சொல் ஒட்டிய உறையில்,
தலைமையாசிரியர் பெட்டகத்தில்.
பள்ளியிலேயே இருவர் பழுதுபார்க்கப் பழகும்வரை
கடைசித் தவணை கிடையாது.
அந்தக் கடைசி வரி என்னுடையது.

ஜூனில், ஒரு திங்கள் இரவு
மின்வெட்டு முடிந்து விளக்கு வந்தது,
சர்வர் வரவில்லை.
தேர்வு வாரம்.
செவ்வாய் பத்தரைக்கு வந்தாள்,
வழியில் டயர் மாற்றிய கறுப்புக் கையோடு.
ஒன்பதாம் வகுப்பு லுங்கேலோ டார்ச் பிடித்தான்.
கருகிய பெட்டி ஒன்றைக் கழற்றி
வேறொன்றை மாட்டினாள்.
கிளம்பும்போது ஒரு திரையில்
அந்த முட்டையைப் பார்த்தாள்.
ஆமாம், புதிய மென்பொருளிலும் இருந்தது.
மறைக்கவில்லை என்றேனே.

அவளுக்குத் தமிழ் தெரியாது.
"எது எங்கே நிற்க வேண்டும்?" என்றாள்.
சஷ்னி கரும்பலகையில் எழுதிக் காட்டினாள்,
இவள் படம் பிடித்துக்கொண்டாள்.
பதினாறு நாள்.
மூடியைத் திறக்க யாரிடமும் அனுமதி கேட்கவில்லை,
திறந்துதான் கிடந்தது.
ககரத்தின் இரு பக்கமும்
கொம்பும் காலும் வந்து நின்றன.
திருத்தம் எங்களோடு நின்றுவிடவில்லையாம்.
அதே மென்பொருளில் இனி எவர் தட்டினாலும்
கொக்கு கொக்குதான்.

குறையும் கேளுங்கள்.
பழைய பிரிண்டர் இன்னும் முரண்டு பிடிக்கிறது.
இரண்டு ஆசிரியர்கள் முதல் மாதம்
என்னோடு பேசவில்லை.
மிச்சப்பட்டதில் பாதி ம்தெத்வாவுக்கே போகிறது,
ஆனால் அது
பக்கத்து ரொட்டிக்கடைவரைதான் போகிறது.

ஆகவே, அம்மா,
இலவசம் என்ற சொல்லுக்குக் கை தூக்காதீர்கள்.
ஆள் யார் என்று கேளுங்கள்.
அவள் எண் எங்கள் கணினி அறைச் சுவரில்
பெயின்டால் எழுதியிருக்கிறது,
தாளின் பின்பக்கம் உங்களுக்கும் எழுதியிருக்கிறேன்.
காலை ஏழு பத்துக்கு,
சொல்லாமல் கொள்ளாமல் அழையுங்கள்.
எடுக்காவிட்டால்
கையெழுத்துப் போடாதீர்கள்.

எடுப்பாள்.

கே. மூட்லி,
சாட்ஸ்வொர்த்