அரைப்பேர்

என் பேர் தவராசா.
மஸ்கெலியாவுக்கு மேலே, மேற்பிரிவு மடுவத்தில்
பதினொரு வருசமாகக் கொழுந்து நிறுக்கிறேன்.
பதினெட்டுக் கிலோ இருந்தால் ஒரு பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
எழுதுகிறவன் நான்.

பாட்டு எப்போது தொடங்கியதென்று தெரியாது.
பங்குனி வெயிலில், ஏழாம் நம்பர் மலையில்
நிரை பிடித்தவர்களில் யாரோ ஒருத்தி
முதல் அடியைக் கிள்ளி
முதுகுக்குப் பின்னால் போட்டிருக்க வேண்டும்
திரும்பிப் பார்க்காமல்.
என் காதுக்கு வந்தபோது முற்றிப்போயிருந்தது:

ராசா ராசா தராசு ராசா
தண்ணிக்கு ஒரு கிலோ
சாக்குக்கு ஒரு கிலோ
நிமிந்து நின்னா முழு ஆளு
நிறுத்துப் பாத்தா அரைப்பேரு

என் பேரிலும் பாதியைக் காணோம்.
தவத்தைக் கழித்துவிட்டார்கள்,
தண்ணீருக்கு.

சந்தனமேரி என்று சந்தேகப்பட்டேன்.
அவள் வாயில் எந்நேரமும் வெற்றிலை.
அப்புறம் ஞானசோதி.
அப்புறம் செக்ரோலில் இருந்த முப்பத்தாறு பேரும்.
நான் மலையேறினால் பாட்டு நிற்கும்,
காம்பு முறியும் சத்தம் மட்டும்.
நான் இறங்கியதும்
விட்ட அடியிலிருந்து, ஒரு சொல் பிசகாமல்.

பீலியில் குளிக்கும்போது
என் வாயிலேயே வந்துவிட்டது ஒருநாள்.
ஏசுகிற பாட்டுத்தான். ஆனால் மெட்டு
நல்ல மெட்டு, என்ன செய்ய.

மகள் ருக்சானி நாலாம் ஆண்டு.
பள்ளிக்கூடத்தில் எதிரெதிராக நின்று கைதட்டும் ஆட்டத்துக்கு
இப்போது இதுதான் பாட்டாம்.
"அது எந்த ராசாப்பா?"
ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள்
தட்டுவதை நிறுத்தவில்லை.
தாளம் மட்டும் கொஞ்சம் மாறியது.

மறுபாட்டு எழுத உட்கார்ந்தேன்.
நிறுவைப் புத்தகம், கார்பன் தாள், மூன்று ராத்திரி.
'துரை சொன்னதைத்தானே நான் செய்தேன்'
இதற்கு மேல் அடி நகரவில்லை.
எழுதினால் பெட்டிசனாக வருகிறது.
கைதட்டிப் பார்த்தேன்.
அத்தனையும் உண்மை,
ஒரு வரிகூடத் தட்டில் விழவில்லை.

பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு.
இவற்றை விட்டால்
என்னைப் பற்றி இந்த உலகத்தில் இருப்பது
அந்தப் பாட்டு ஒன்றுதான்.
அதிலும் ஒரு பிழை.

கழிப்பது இரண்டு கிலோ இல்லை.
மூன்று.
தண்ணிக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று.
மூன்றாவதற்குப் பேர் கிடையாது,
ஆபீசில் 'வழக்கம்' என்பார்கள்.
முள் ஆடி நிற்கும் முன்பே எழுதிவிடுவேன்.
எனக்கும் பெரிய கணக்கப்பிள்ளைக்கும் மட்டும் தெரியும்.

கணக்குப் பிழையாக இருந்தால்
எனக்கு நித்திரை வராது.

"அந்த ராசாவுக்கு இன்னொரு அடி இருக்காம் புள்ள" என்றேன்,
செருப்பைக் கழற்றியபடி, எங்கோ பார்த்து.
"பேரில்லாம ஒரு கிலோ."
ருக்சானி இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள்.
"சேருதுப்பா."

எட்டு நாளானது.
வியாழக்கிழமை, நாலு மணி நிறுவை, மூடுபனி.
கொக்கியில் சந்தனமேரியின் சாக்கு.
வரிசையின் கடைசியில், முகம் தெரியவில்லை,
யாரோ முணுமுணுத்தாள்:
பேரில்லாம ஒரு கிலோ

இன்னொருத்தி எடுத்தாள். பிறகு நாலைந்து பேர்.
பிறகு சட்டென்று எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்,
பாட்டைக் கேட்டவர்கள் போல அல்ல,
கணக்குப் போடுகிறவர்கள் போல.

சந்தனமேரி வெற்றிலையைத் துப்பினாள்.
"இந்த அடி புதுசு. யாருடி கட்டுனது?"
அவளுக்குத் தெரியவில்லை. ஞானசோதிக்கும் தெரியவில்லை.
"யாரோ தெரிஞ்சவதான்" என்றாள். "நல்லாக் கட்டியிருக்கா."

காது சுட்டது.
பயந்தான் முக்கால்வாசி.
மிச்சம் என்னவென்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முப்பத்தாறு பேரும் முள்ளைப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.
இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில்
ஆடிக்கொண்டிருந்தது.
பேனாவை எடுக்கவில்லை.
பனி போய் மழை பிடித்தது, வரிசை நகரவில்லை,
"எழுதுங்களேன்" என்று யாரும் சொல்லவுமில்லை.