பலகையின் பின்பக்கம்

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி
என் போனை வாங்கி
கேமராக் கண்ணில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்.
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.
உள்ளே நடப்பது வெளியே தெரியக் கூடாதாம்.
நானும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை,
ஒரு ஷிப்டுக்கு எத்தனை திருகாணி முடுக்குகிறேன் என்று.

ஓசூர் வந்து பதினோரு மாதம்.
மொரப்பூரில் கேட்டவர்களுக்குக்
கோயம்புத்தூர் என்று சொல்லியிருக்கிறேன்.
அவிநாசி ரோடா என்றான் அண்ணன்.
ஆமாம் என்றேன்.
அந்த ரோட்டை நான் பார்த்ததே இல்லை.
அண்ணனிடம் சொன்னால்
இன்னொருவர் காதுக்குப் போய்விடும்.
அந்த இன்னொருவரின் பெயரை
இங்கேயும் எழுத மாட்டேன்.

ஷிப்ட் பஸ்ஸில் கார் ஓட்டுவேன்,
போனுக்குள்தான்.
காசு கேட்காத ஆட்டம்.
மலை, வளைவு, சுரங்கம்,
இருபுறமும் விளம்பரப் பலகைகள்.
முதலில் பற்பசை வந்தது, அப்புறம் பெயிண்ட்.
ஒருநாள், மூன்றாவது வளைவில்,
'ஓசூர் சிப்காட் அருகே பெண்களுக்கு மட்டும்,
மூன்று வேளைச் சாப்பாட்டுடன்.'
நான் தங்கியிருக்கும் தெரு.
திருப்ப மறந்து அதன்மேலேயே மோதினேன்.
பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரம்
'விவாகரத்து ஆலோசனை, முதல் சந்திப்பு இலவசம்.'
ஒரே ஒரு தடவை தேடியிருந்தேன்,
ராத்திரி ரெண்டு மணிக்கு.
போர்வைக்குள் நானும் போனும் மட்டும்
என்று நினைத்துக்கொண்டு.

பக்கத்து சீட் பவ்யஸ்ரீ,
தேன்கனிக்கோட்டைக்காரி, எட்டிப் பார்த்தாள்.
"எனக்கு முகப்பரு க்ரீம்தான் காட்டுது,
மாத்திக்கலாமாக்கா?"
என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

சம்மதம் என்று நான்தான் அமுக்கினேனாம்.
நாற்பது பக்கமாம் அது.
என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை சுருக்காக
யாரும் சம்மதம் வாங்கவில்லை.
இல்லை, தப்பு.
அன்றைக்குக் கேட்கவே இல்லை.

இன்றைக்கு மித்ரேஷ் கூப்பிட்டான், அண்ணி போனிலிருந்து.
அண்ணன் மகன், மூன்றாம் வகுப்பு.
நான் விட்டுவந்த பழைய டேப்லெட்டில்
என் கணக்கிலேயே
அதே காரை ஓட்டுகிறவன்.
பின்னால் குக்கர் விசில், சீரியல் அழுகை.
"அத்தை, என் ரோட்ல எல்லாம்
ஓசூர் லேடீஸ் ஹாஸ்டல்னே வருது.
கோயம்புத்தூர்ல ஓசூர் இருக்கா?"

ஜன்னலுக்கு வெளியே
பாலித்தீன் போர்த்திய ரோஜாக் குடில்கள்
இருட்டில் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தன.
யார்கிட்டடா சொன்னே
என்று கேட்க வேண்டும், நாக்கு எழவில்லை.

அவனே குரலைத் தாழ்த்தினான்.
"அப்பா பக்கத்துல வந்தா
யூ டர்ன் போட்டு ராங் சைடுல ஓட்டுவேன்.
அப்ப போர்டுங்க முதுகுதான் தெரியும்.
முதுகுல ஒண்ணும் எழுதல அத்தை.
சும்மா சாம்பல் கலரு."

"எதிர்ல வண்டி வருமேடா?"

"வரும். மோதும்.
பாயிண்ட் எல்லாம் போயிரும்."
கொஞ்ச நேரம் குக்கர் மட்டும் பேசியது.
"பரவால்ல."

அழைப்பு முடிந்த பிறகு
செட்டிங்ஸுக்குள் துழாவினேன்.
எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு
என்று கடைசியில் ஒரு பொத்தான்.
அமுக்கினால் அவன் டேப்லெட்டில் பலகைகள் நின்றுவிடும்.
அவன் காரும் நின்றுவிடும்,
நாற்பத்து மூன்றாம் லெவல்,
அவனே நிறம் தேர்ந்தெடுத்த ஆரஞ்சு கார்.
கேட்டால் என்ன பதில் சொல்வேன்?
அவனிடமும் ஒரு பொய் சொல்ல வேண்டும்,
இந்த ஊரைத் தெரிந்தும்
தெரியாதவன் போலக் கார் ஓட்டுகிற ஒருவனிடம்.

விரல் அங்கேயே நிற்கிறது.
பஸ் நின்றுவிட்டது.
"இறங்குக்கா" என்கிறாள் பவ்யஸ்ரீ.
வரிசை நகர்கிறது.
செக்யூரிட்டி கைநீட்டுகிறார்,
நகக்கண்ணில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.
"போனைக் குடும்மா, நேரமாச்சு."